ஓக் மேட்டில் தூங்கிய பெயர்

கிளாமத் ஆற்றங்கரை
1959 அக்டோபர் 11

வயலாவுக்கு,

இங்கே நான் உயிரோடுதான் இருக்கிறேன். சமையல்தான் சரியில்லை. ஷெரிஃப்கூட என் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாய்க்கு அந்தப் பெயரை வைத்தது தப்பு என்று உண்மையான ஷெரிஃப் போன வாரம் கடையில் வைத்துச் சொன்னார். "அது உங்கள விட நல்லா குரைக்கும் சார்" என்றேன். சிரித்துவிட்டார். போன வருஷம் என்னை உள்ளே தள்ளியதில் அந்த மனிதருக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது.

உன் பெண்ணுக்குத் தலை நின்றுவிட்டதா? மாப்பிள்ளை டெல்மருக்கு வெல்டிங் வேலை நிரந்தரமாகிவிட்டதா? இரண்டையும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போனேன். ஆற்றிலிருந்து பார்த்தால் இப்போது நம் ஓக் மரங்கள் தெரிவதே இல்லை. ஊசியிலை மரங்கள் முன்னால் வந்து நின்றுகொண்டு மறைக்கின்றன. நீயும் நானும் ஓடிப்பிடித்து விளையாடிய இடத்தில் பக்கவாட்டில் நுழைந்துதான் போக முடிகிறது. முகமெல்லாம் கீறல். அம்மா வருஷா வருஷம் சருகுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த காலத்தில் முதல் மரத்தடியில் நின்று பார்த்தால் கடைசி மரத்தடியில் குனிந்து பொறுக்குகிறவர் யார் என்று சொல்லிவிடலாம். ஓக் கொட்டை இந்த வருஷமும் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. புதருக்குள் விழுந்ததை யார் பொறுக்குவது? எடுத்ததிலும் பாதி புழு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஓக் மரங்களின் மேல் நீலச் சாயத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்த நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பட்டையை வளையமாக உரித்து, மரத்தை நின்றபடியே சாக விடுவார்கள். காட்டு அலுவலகத்துக்கு ஓக் ஒரு களை. ஊசியிலை மரம் என்றால் பலகையாகும், வீடாகும். நான் வேலை பார்க்கிற அறுப்பு ஆலைக்குத்தான் அந்த மரமும் வரும். நீ சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் விட்டேக்கர் என்று ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். ஆள் மோசமில்லை. ஒரு குடும்பம் விடாமல் வைத்துப் பராமரித்த இடம் என்று காட்டினால் அந்த இடத்தை இந்த வேலையிலிருந்து ஒதுக்கி வைக்க வழி இருக்கிறதாம். வசந்த காலத்தில் ஒரு விசாரணை வைப்பார்கள். வீட்டு ஆள் ஒருவர் எழுந்து நின்று, கடைசியாக அதைப் பராமரித்தவர் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

அந்த அவ்வளவுதான் என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பெயர் தூங்குகிறது. ஊரில் ஒருவர் வாயிலும் அது வருவதில்லை. கடைக்காரர் மனைவிக்கும் அதே பெயராகப் போய்விட்டதால் அவளை எல்லாரும் 'கடைக்காரம்மா' என்கிறார்கள். அவள் வெள்ளைக்காரி, நம் பழங்குடி வழக்கம் ஒன்றும் தெரியாது. "என் மேல உங்க எல்லாருக்கும் என்ன கோவம்?" என்று போன மாதம் என்னிடம் கண் கலங்கிக் கேட்டாள்.  ஒரு டப்பா காபித்தூள் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

நம் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு அதை வைத்தால்தான் அது எழுந்திருக்கும். நம் வீட்டில் இருக்கிற ஒரே குழந்தை உன் மடியில் இருக்கிறது. வை, வயலா. கேட்கிறேன்.

ஹோரஸ்


ஓக்லண்ட்
1959 அக்டோபர் 25

அண்ணா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். படித்து முடிக்கையில் பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்துவிட்டு இதை எழுதுகிறேன், அதனால் கையெழுத்தைப் பற்றிக் கிண்டல் செய்யாதே.

மாட்டேன்.

தலை நின்றுவிட்டது. டெல்மர் வேலை நிரந்தரமாகவில்லை. நீ கேட்ட இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டேன். மூன்றாவதுக்கு மாட்டேன் என்பதுதான் பதில்.

ஏன் என்று கேட்பாய். குட்டியை நான் நாள் முழுக்கக் கூப்பிடுகிறேன். அழாதே என்கிறேன், வாயில் போட்டதைத் துப்பு என்கிறேன், தூங்கித் தொலை என்கிறேன். அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்? அந்தப் பெயர் என் காதில் ஒரே ஒரு குரலில்தான் இருக்கிறது. அப்பா ஆற்றில் வலையை இழுத்துக் கட்டிவிட்டு, மேட்டைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில். மேலிருந்து அம்மா புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே "வர்றேன், வர்றேன், மீன் எங்கயும் ஓடிடாது" என்பாள். அதை வேறு யார் குரலிலும் கேட்க எனக்கு இன்னும் தெம்பில்லை. நீ அம்மா சாகும்போது பக்கத்தில் இருந்தாய். நான் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. என் துக்கம் உன்னைவிட ஒரு வாரம் இளையது என்று வைத்துக்கொள்.

இன்னொன்று. என் பெண்ணை நீ ரப்பர் முத்திரை மாதிரி கேட்கிறாய். ஒரு அலுவலகத்தில் குத்துவதற்காக ஒரு பெயரை எழுப்புவார்களா? ஆஸ்பத்திரிக்காரர்கள் நச்சரித்ததால் டெல்மர் அவளுக்கு ரூபி என்று எழுதிக் கொடுத்தார். வீட்டில் அவள் குட்டிதான். நம் பக்கத்தில் நடக்கிற வயது வரை பிள்ளைக்குப் பெயரே வைப்பதில்லை, அது உனக்கும் தெரியும்.

டெல்மர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அவர் பாலைவனத்துக்காரர், நம் வழக்கம் அவருக்குப் புதுசு. "அது பள்ளிக்கூடத்துல வெள்ளைக்கார டீச்சர் வெச்ச பேர்தானே? அத சொன்னா என்ன ஆயிடும்?" என்றார். டீச்சர் வைத்ததுதான். ஆனால் எழுபது வருஷம் அம்மா அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். வேறு என்ன வேண்டும் ஒரு பெயர் ஒருத்தியுடையது ஆவதற்கு?

மரத்தைக் காப்பாற்ற வேறு வழி பார், அண்ணா. நீ புத்திசாலி. நாய்க்குப் பெயர் வைப்பதில் மட்டும்தான் சறுக்குகிறாய்.

வயலா


கிளாமத் ஆற்றங்கரை
1959 நவம்பர் 15

வயலா,

வேறு வழி இருந்தால் உன்னிடம் வந்து கையேந்துவேனா?

ரப்பர் முத்திரை என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. அரசாங்கம் நம் ஜனங்களுக்கு இலவச பஸ் டிக்கெட் கொடுத்து, நகரத்தில் வேலை, நகரத்தில் வீடு என்று படம் காட்டியபோது போனவள் நீ. நான் போகவில்லை. உன்னை பஸ் ஏற்றிவிட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். போ என்று கை காட்டினேனே தவிர திரும்பி வராதே என்று காட்டவில்லை. இங்கே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் நீலக் கோடு தெரியும்.

போன வருஷத்தை நினைத்துப் பார். படுக்கையில் கிடந்தபடி அம்மா என் சட்டையைப் பிடித்து, "இந்த வருஷம் தீ வெச்சிடுடா. இருபது வருஷமா வெக்க விடல, மரம் மூச்சு முட்டுது" என்றாள். அவள் போன பிறகு மூன்றாம் வாரம் வைத்தேன். மழை வருவதற்கு முந்தின நாள், காற்று மலையிலிருந்து கீழே இறங்குகிற நேரம், அவள் வைப்பது போலவே. மேல் ஓரம்கூட முழுசாக எரியவில்லை, அதற்குள் ஜீப் வந்துவிட்டது. கோர்ட்டில் நீதிபதி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "உன்னப் பாத்தா தீ வெக்கிற ஆளா தெரியல. யார் வெக்கச் சொன்னது?" ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், செத்துப்போன கிழவியின் ஆசை என்று விட்டிருப்பார். நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திமிர் என்று நினைத்து உள்ளே போட்டுவிட்டார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. உள்ளே சாப்பாடு என் சமையலைவிடப் பரவாயில்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அம்மா தீயை எப்படி நடத்துவாள் என்று இன்னும் கொஞ்ச நாளில் நான் ஒருவன்தான் நினைவு வைத்திருப்பேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கொட்டை பொறுக்கி முடித்ததும், கடைசிச் சாக்கு கீழே இறங்கியதும் வைப்பாள். இலைச் சருகில் முழங்கால் உயரம்கூட வராத தீ. புழு விழுந்த கொட்டையெல்லாம் அதோடு போகும். விரல் நீளத்துக்கு முளைத்திருக்கும் ஊசியிலைக் கன்றுகளும் போகும். பெரிய ஓக் மரங்களுக்கு அடிப்பட்டையில் கொஞ்சம் கரி ஒட்டும், அவ்வளவுதான். ஒரு கையில் ஈரச் சாக்கு, வாயில் புகைக்குழாய். தீயைப் பிள்ளையை அதட்டுவது போல அதட்டுவாள். "ஏய், அங்க என்ன வேல உனக்கு? இந்தப் பக்கம் வா." தீயும் வரும். நீ பின்னால் ஓடி ஓடிக் கொள்ளிக்கட்டையை உள்ளே தள்ளுவாய். அடுத்த வசந்தத்தில் அந்தக் கரியிலிருந்து, கூடை முடைகிற ஹேசல் குச்சிகள் அம்பு மாதிரி நேராக எழும்பும். மான் வரும். நமக்கு இரவில் மான் கறி.

கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பசி வந்துவிட்டது.

இத்தோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். அந்த மேட்டுக் கொட்டைதான். உரித்து, காயவைத்து, இடித்தும் வைத்திருக்கிறேன். துவர்ப்பு போக மாவில் தண்ணீர் ஊற்றி ஊற்றி வடிகட்டுவது உன் வேலை. அடுத்த வருஷம் அனுப்ப இருக்குமோ இருக்காதோ.

ஹோரஸ்


ஓக்லண்ட்
1959 டிசம்பர் 13

அண்ணா,

பொட்டலம் வந்தது. தபால்காரர் அதை மோந்து பார்த்து, "என்னம்மா இது, மரத்தூளா?" என்றார். "ஆமா, எங்கண்ணன் மர ஆலையில வேல பாக்கறாரு" என்றேன்.

பாதி மாவை எடுத்துத் துவர்ப்பு எடுக்கப் போனேன். மாவைப் பரப்ப இங்கே ஆற்று மணல் இல்லை, பழைய தலையணை உறையில் கட்டிக் குழாயடியில் வைத்தேன். அரை மணி நேரத்தில் கீழ்வீட்டு அம்மா வந்து தண்ணீர்க் கட்டணம் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன். கஞ்சி காய்ச்சி டெல்மருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனாலும் கண்ணில் நீர் வர, "நல்லாத்தான் இருக்கு" என்றார். இதற்காகவே இன்னும் பத்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்தலாம்.

நான் முழுக் கிண்ணத்தையும் குடித்தேன். துவர்ப்போடு. பிறகு அழுதேன். தீ வாசனை வந்தது, அண்ணா. நீ எந்த அடுப்பில் காயவைத்தாயோ, சாக்கு, புகை, அம்மாவின் சால்வை எல்லாம் அந்தக் கஞ்சியில் இருந்தன. நினைவு வைத்திருப்பது நீ ஒருவன்தான் என்று எழுதாதே. கொள்ளிக்கட்டையைத் தள்ளியவள் நான். என் இடது மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. பழ ஆலையில் டின்கள் வரிசையாக என் முன்னால் ஓடும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் பெயர் விஷயத்தில் என் பதில் அதேதான். அவசரப்படுத்தாதே. நான் தயாராகிற வரை அது தூங்கட்டும். தூங்குகிற ஒன்றுக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

குட்டி குப்புற விழுந்துவிட்டாள். மீதி மாவைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வயலா


கிளாமத் ஆற்றங்கரை
1960 மார்ச் 20

வயலா,

பனி அதிகம். அதனால் இவ்வளவு நாள் எழுதவில்லை. கோபத்தாலும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

விட்டேக்கரை மேட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏறும்போதே, "அருமையான கன்னிக் காடு, மனுஷக் கையே படாதது" என்றான். அம்மா இருந்திருந்தால் ஈரச் சாக்கால் ஒன்று போட்டிருப்பாள். நான் விளக்கப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் பேச ஆரம்பித்தால் எங்கோ போய்விடும். ஹேசல் குச்சியில் தொடங்கி, மான் கறிக்குப் போய், அப்பாவின் வலைக்குப் போய், ஒரு கரடிக் கதையில் முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கரடிக்கு என்ன ஆனது என்றுகூடக் கேட்டான்.

அப்புறம் அவனாகவே ஒன்றைக் கண்டுபிடித்தான். மேட்டின் ஓரத்தில் போன வருஷம் வெட்டிய கிழட்டு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் வளையங்களில் பென்சிலை வைத்து நகர்த்திக்கொண்டே போனான். "இதோ ஒரு தீக்காயம். மூணு வருஷம் தள்ளி இன்னொண்ணு. அப்புறம் இங்க. அப்புறம் இங்க. மின்னல் இப்படி கணக்கா வந்து விழாது." வெளிப்பக்கம் வந்ததும் பென்சில் நின்றது. "இதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. யார் நிறுத்தினாங்க?"

"உங்க ஆபீஸ்தான்" என்றேன்.

அவன் பென்சிலைப் பையில் போட்டான். பிறகு எழுந்து மேட்டை முழுசாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஓக் மரங்கள் ஏன் தள்ளித் தள்ளி நிற்கின்றன, கிளைகள் ஏன் கீழேயே கை விரிக்கின்றன என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. "அப்போ இது காடு இல்ல, தோட்டம்" என்றான். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "கடைசியா பாத்துக்கிட்டவங்க பேரு என்னங்க?" என்றான். ஆசையாகக் கேட்டான் வயலா, பகையாக இல்லை.

பெயரைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

என் அம்மா என்று சொன்னேன். ஆற்றுக்காரி என்றேன். இடித்த மாவைப் போல வெள்ளைத் தலை என்றேன். "பேருங்க, ஒரு பேரு வேணும். ஃபைல்ல அம்மான்னு எழுத முடியாதே" என்றான். கடைசியில் அவன் நோட்டை மூடினான், இறங்கிவிட்டோம். மே கடைசியில் விசாரணை. அன்றைக்கும் நான் பெயரைச் சொல்லாமல் நின்றால் ஜூனில் பட்டையை உரித்துவிடுவார்கள். அவன் கையால் ஆனதை அவன் செய்துவிட்டான்.

உன்னை நான் இனிமேல் கேட்கப்போவதில்லை. நடந்ததைச் சொன்னேன். பெரிய மரத்தடியில் பொறுக்கிய ஒரு கொட்டையை உறைக்குள் வைத்திருக்கிறேன். குட்டி வாயில் போட்டுவிடப் போகிறாள், ஜாக்கிரதை.

ஹோரஸ்


ஓக்லண்ட்
1960 மே 8

அண்ணா,

இதை நிதானமாகப் படி. உட்கார்ந்து படி. ஷெரிஃபை வெளியே விட்டுவிட்டுப் படி.

உன் கடிதம் வந்த பிறகு ஆறு வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் மாட்டேன் என்றுதான் எழுதியிருப்பேன். கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

இங்கே நகரத்து நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே போவேன். இத்தனை வருஷமும் வாத்துகளைத்தான் பார்த்திருக்கிறேன். உன் கடிதத்துக்குப் பிறகுதான் மரங்களைப் பார்த்தேன். ஓக் மரங்கள். நம் ஊர் ஓக் வேறு, இது வேறு, ஆனால் கிழட்டு மரங்கள் நிற்கிற நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. கீழேயே கை விரித்து. நெருக்கத்தில் வளர்ந்த மரம் அப்படி விரிக்காது, வெளிச்சத்துக்காக மேலே ஓடும். இந்த மரங்கள் சின்னதாக இருந்தபோது யாரோ சுற்றிலும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஊரின் பெயருக்கே ஓக் நிலம் என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு மாதமும் உறையின் மேல் அதை எழுதுகிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு தோட்டக்காரர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். "இந்த மரமெல்லாம் யாருங்க வளத்தாங்க?" என்று கேட்டேன். "யாரும் வளக்கலம்மா, தானா வந்தது. இந்த ஊரு வர்றதுக்கு முன்னாடியிலேருந்து நிக்குது" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். கூட்டிக் குவித்த சருகில் போன வருஷத்துக் கொட்டைகள் கிடந்தன. ஒருவரும் பொறுக்காதவை.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். இங்கேயும் ஒருத்தி இருந்திருக்கிறாள், அண்ணா. ஈரச் சாக்கோடு. அவளையும் யாரோ இந்த ஏரிக்கரையிலிருந்து கை குவித்துக் கூப்பிட்டிருப்பார்கள். அவளும் வர்றேன் வர்றேன் என்று சொல்லியிருப்பாள். அவள் போன பிறகு பெயரை மரியாதையோடு தூங்க வைத்திருப்பார்கள், நம்மைப் போலவே. பிறகு எழுப்ப வேண்டிய குழந்தைகளுக்கு என்ன ஆனதோ. அந்தப் பெயர் தூங்கவில்லை. அது போய்விட்டது. அவள் மரங்கள் நிற்கின்றன, தானாக வந்தது என்கிறார்கள்.

தூங்குகிற ஒன்றுக்கு என்ன கெட்டுவிடும் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. பழ ஆலையில் என்னோடு நம் ஆற்றுப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்கு அழைத்தேன். டப்பாவில் இருந்த மீதி மாவை எடுத்து, இந்தத் தடவை கீழ்வீட்டு அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, காலையிலிருந்து தண்ணீர் ஊற்றித் துவர்ப்பு எடுத்தேன். ஒருத்தி புகை போட்ட சால்மன் மீன் கொண்டுவந்தாள், எங்கே கிடைத்தது என்று கேட்காதே. கீழ்வீட்டு அம்மாவும் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்து, கஞ்சி குடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டாள்.

குட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. ஒன்றரை வருஷமாகப் பூட்டி வைத்தது, எப்படி வரும்? பிறகு அப்பாவை நினைத்துக்கொண்டு, கையைக் குவித்து, சமையலறை என்பதையும் மறந்து, மேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள், அண்ணா. வாயில் உன் கொட்டையோடு.

டெல்மர் விரலை விட்டு அதை வெளியே எடுத்தார். அந்தப் பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி அவளிடம் பேசினார்கள். எனக்கு இனி அது இரண்டு குரலில் கேட்கும் என்று நினைத்தேன். ஆனால் வலிக்கவில்லை. இன்று காலை "மூக்கை நோண்டாதே" என்று அந்தப் பெயரைச் சொல்லி அதட்டியும் விட்டேன். அம்மா இருந்தால் சிரித்திருப்பாள்.

இது அலுவலகத்துக்காக வைத்த பெயர் இல்லை. ஆனால் அலுவலகத்தில் நீ அதைச் சொல்லலாம். சத்தமாகச் சொல். இதோ, எழுதுகிறேன்.

ஆர்மிண்டா.

உன் தங்கை வயலா


கிளாமத் ஆற்றங்கரை
1960 ஜூன் 5

வயலா,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

முதலில் கடைக்குப் போனேன். உப்பு வாங்கினேன். காசை வைத்துவிட்டு, "வர்றேன், ஆர்மிண்டாம்மா" என்றேன். கடைக்காரர் மனைவி கையிலிருந்த முட்டை அட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டாள். "எம்மேல கோவம் போயிடுச்சா?" என்றாள். "உங்க மேல கோவமே இல்லம்மா. எங்க வீட்ல ஒரு புள்ளைக்கு உங்க பேரு" என்றேன். ஒரு டஜன் முட்டையைத் துடைக்க நானும் உதவினேன். உன் பெண்ணுக்கு என்று ஒரு ரிப்பன் கொடுத்தாள், இத்துடன் இருக்கிறது.

விசாரணை பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. நம் ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். விட்டேக்கர் அடிக்கட்டையின் படத்தைக் காட்டிப் பேசினான். பிறகு பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "கடைசியாகப் பராமரித்தவர் பெயர்?" என்றார். சொன்னேன். அப்பா கூப்பிடுகிற சத்தத்தில் இல்லை, ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்டது. பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தால் நம் கிழவர்கள் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து அம்மாவின் பெயரைக் கேட்கிறார்கள் வயலா. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன். இரண்டு தடவை.

முழு மேடும் கிடைக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பாதியில் பட்டையை உரித்துவிட்டார்கள், போன வெள்ளிக்கிழமை. போய்ப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. நீ ஊஞ்சல் கட்டிய மரம் அதில் ஒன்று. மேல்பாதி நமக்கு இருக்கிறது. பெரிய மரம் இருக்கிறது. நீலக் கோட்டின் மேல் விட்டேக்கரே வெள்ளைச் சாயம் அடித்துவிட்டுப் போனான். காகிதத்தில் அந்த இடத்துக்கு அம்மா பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்து தப்பாக.

தீ வைக்க மட்டும் அனுமதி இல்லை. அதைப் பற்றிக் காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. விட்டேக்கரிடம் கேட்டேன். வானத்தைப் பார்த்தான். அக்டோபரில் முதல் மழைக்கு முந்தின வாரம் அவன் லீவில் மீன் பிடிக்கப் போகிறானாம். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டானாம்.

அதனால் அக்டோபரில் வா. மூன்று பேரும் வாருங்கள். பஸ்ஸுக்கு நான் வந்து நிற்கிறேன். டெல்மருக்கு நல்ல கஞ்சி ஒரு கிண்ணம் நான் கடன்பட்டிருக்கிறேன், துவர்ப்பு இல்லாமல். ஈரச் சாக்கு என் கையில் இருக்கும். கொள்ளிக்கட்டையைத் தள்ள உன்னைவிட்டால் ஆள் கிடையாது. குட்டிக்கு அப்போது ஒரு வயது தாண்டியிருக்கும். அவளைப் பெரிய மரத்தடியில் உட்கார வைப்போம். அவள் கையைக் காட்டுகிற பக்கம் தீயை வைக்கிறேன்.

ஜீப் வந்தாலும் வரலாம். வரட்டும். மறுபடியும் அதே நீதிபதி, யார் தீ வைக்கச் சொன்னது என்று கேட்பார். இந்தத் தடவை பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். ஆர்மிண்டா சொன்னாள் என்பேன்.

ஹோரஸ்